"இது நடக்காது" என்று சொன்ன மேஜர்: நூலகத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சூலூர், பல்லடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. தலைக்கு மேல் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ராணுவத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் போன மாதம் பேசப் போனபோதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 1982 ஃபாக்லாந்து போரில், திரும்பி வரவே வாய்ப்பில்லாத மிகாடோ என்ற திட்டத்தை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் மேஜரைப் பற்றிச் சொன்னேன். ஒரு மணி நேரம் என்று போனது, கேள்விகள் முடிவதற்குள் இருட்டிவிட்டது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவற்றுக்கும், அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் வரலாற்று வாத்தியார். பள்ளியில் இருபது வருஷம் என்.சி.சி. பார்த்தவன். போர்முனைக்குப் போனவன் அல்ல. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அந்தப் போர் எதற்காகங்க நடந்தது?

தென் அட்லாண்டிக் கடலில் ஃபாக்லாந்து என்று ஒரு தீவுக்கூட்டம். பிரிட்டனிடம் இருந்தது, அர்ஜென்டினா தன்னுடையது என்றது. 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா படை இறங்கித் தீவைப் பிடித்தது. பிரிட்டன் கப்பல் படையை அனுப்பியது. ஜூன் 14 அன்று அர்ஜென்டினா சரணடைந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், தீவுவாசிகள் 3 பேர் இறந்தார்கள். நமக்கு வேண்டியது இந்தப் போரின் நடுவில் வரும் மே மாதம் மட்டும்தான்.

ஐந்து ஏவுகணைக்கு ஒரு கடற்படையே பயந்தது என்றீர்களே, எப்படி?

எக்ஸோசெட் என்பது பிரான்சில் செய்த ஏவுகணை. விமானத்திலிருந்து விட்டால் அலைக்குச் சில மீட்டர் மேலே, கடலை ஒட்டியே பறந்து வரும். ரேடாரில் தெரிந்து சுதாரிப்பதற்குள் கப்பலின் விலாவில் பாய்ந்துவிடும். அதைச் சுமக்கும் சூப்பர் எத்தாந்தார் விமானங்களில் ஐந்து அர்ஜென்டினாவுக்கு வந்திருந்தன. விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசெட்டும் ஐந்துதான். போர் தொடங்கியதும் பிரான்ஸ் மேற்கொண்டு தருவதை நிறுத்திவிட்டது.

மே 4 அன்று ஷெஃபீல்டு என்ற போர்க்கப்பலில் ஒன்று பாய்ந்தது. 20 பேர் இறந்தார்கள். எரிந்த கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது மே 10 அன்று மூழ்கியது. அன்றைக்கு ஏவியவை இரண்டு, மிச்சம் மூன்று. பிரிட்டனிடம் அங்கே இருந்த விமானம் தாங்கிக் கப்பல்களோ ஹெர்மீஸ், இன்வின்சிபிள் என்று இரண்டே இரண்டு. அதில் ஒன்று போனாலும் மேலே விமானப் பாதுகாப்பு இல்லை, தீவில் படையை இறக்கவும் முடியாது. மூன்று ஏவுகணையில் ஒரு போரே தொங்கியது. மேலிடத்தின் பதற்றம் பொய்யில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், திட்டம் போட்டவர்களைக் கெட்டவர்களாகவும் எதிர்த்தவரை மட்டும் நல்லவராகவும் பார்க்கக் கூடாது. அவர்களுக்கும் தங்கள் மாலுமிகள் சாகிறார்களே என்ற தவிப்புதான்.

மிகாடோ திட்டம் என்பது என்ன?

அந்த விமானங்கள் இருந்தது ஃபாக்லாந்தில் அல்ல. அர்ஜென்டினாவின் தென்கோடியில் ரியோ கிராண்டே என்ற கடற்படை விமானத் தளத்தில் இருந்தன. எதிரியின் சொந்த மண்.

எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையின் இயக்குநர் பிரிகேடியர் பீட்டர் டி லா பில்லியர். திட்டத்தை முன்னெடுத்தவர் அவர். அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அசென்ஷன் தீவிலிருந்து இரண்டு ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் புறப்படும். நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ரேடாருக்குச் சிக்காமல் தாழப் பறந்து, இரவில் ரியோ கிராண்டே ஓடுபாதையிலேயே இறங்கும். உள்ளே இருக்கும் ஐம்பது, அறுபது வீரர்கள் வெளியே பாய்ந்து விமானங்களையும் ஏவுகணைகளையும் தகர்ப்பார்கள், விமானிகளையும் தங்கும் இடத்திலேயே கொல்வார்கள். திரும்பி வர எரிபொருள் கிடையாது. விமானம் தப்பினால் பக்கத்து நாடான சிலிக்குப் பறக்க வேண்டும். இல்லையென்றால் நடந்தே எல்லையைத் தாண்ட வேண்டும்.

இதற்கு முன்மாதிரியாகச் சொன்னது என்டெப்பே. 1976 ஜூலையில் இஸ்ரேல் வீரர்கள் உகாண்டா விமான நிலையத்தில் இதே ஹெர்குலிஸ்களில் இறங்கிப் பிணைக்கைதிகளை மீட்டார்கள். ஆனால் என்டெப்பேயில் யாரும் அவர்களை எதிர்பார்க்கவில்லை. ரியோ கிராண்டே போர் நடத்திக்கொண்டிருக்கும் தளம். ரேடார் இருந்தது, விமான எதிர்ப்புத் துப்பாக்கி இருந்தது, மெரைன் பட்டாலியன்கள் காவலுக்கு நின்றன. ஷெஃபீல்டை அடித்த பிறகு பிரிட்டன் பழிவாங்க வரும் என்று அவர்களுக்கும் தெரியாதா? சரக்கு விமானமோ பெரியது, மெதுவானது. இறங்குவதற்கு முன்பே ஒரு குண்டு பட்டால் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் போய்விடுவார்கள். சண்டை போட்டுச் சாகிற வாய்ப்புகூட இல்லை.

அந்த மேஜர் சரியாக என்னதான் சொன்னார்? போக மாட்டேன் என்றாரா?

இந்தக் கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். வேலை ஒப்படைக்கப்பட்டது எஸ்.ஏ.எஸ்.ஸின் 'பி' ஸ்குவாட்ரன் என்ற பிரிவிடம். அதன் தலைவர் மேஜர் ஜான் மாஸ். மேசையைத் தட்டி "முடியாது" என்று கத்திவிட்டு வெளியேறியவர் அல்ல அவர். திட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்பதை மறைக்காமல் வெளிப்படுத்தினார். தளத்தைப் பற்றிக் கையில் இருக்கும் தகவல் போதாது, ரேடாரில் சிக்காமல் போக முடியாது, இறங்கினாலும் ஆட்களை வெளியே கொண்டுவர வழியில்லை. அவரும் அவருடைய ஆட்களும் திட்டத்தில் கண்ட ஓட்டைகள் இவை.

டி லா பில்லியருக்கு இது பிடிக்கவில்லை. ஸ்குவாட்ரனுக்கு உற்சாகமே இல்லை என்று பட்டது, அதற்குத் தலைவர்தான் காரணம் என்று முடிவு செய்தார். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் மேஜர் மாஸைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டு வேறொரு மேஜரைப் போட்டார். அனுபவம் உள்ள சார்ஜென்ட் ஒருவர் தானாகவே படையை விட்டு விலகினார். மற்றவர்கள் அசென்ஷனுக்கு விமானம் ஏறினார்கள்.

ஒரு படைத் தலைவனுக்குப் போர் நேரத்தில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. தன் ஆட்கள் சாகப் போகிறார்கள், தான் ஊரில் நிற்கிறோம். வாயை மூடிக்கொண்டு கூடவே போயிருந்தால் வீரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். அதையும் சேர்த்தேதான் அவர் இழந்தார்.

ஒருமுறை வேவு பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே?

பார்க்கப் போனார்கள். அதற்குப் பெயர் பிளம் டஃப். மே 17 இரவு இன்வின்சிபிள் கப்பலிலிருந்து சீ கிங் ஹெலிகாப்டர் ஒன்று சிறு வேவுக் குழுவோடு கிளம்பியது. அதுவும் ஒருவழிப் பயணம்தான், கப்பலுக்குத் திரும்ப எரிபொருள் இல்லை. மூடுபனி. தளத்துக்கு வெகு முன்னாலேயே தங்களைக் கண்டுபிடித்துவிட்டார்களோ என்ற சந்தேகம். இறங்குவதைக் கைவிட்டுச் சிலிப் பக்கம் திரும்பினார்கள். குழு அங்கே இறங்கியது. விமானக் குழுவினர் மூவரும் புந்தா அரேனாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஹெலிகாப்டரை இறக்கி, தாங்களே அதற்குத் தீ வைத்தார்கள். சில நாள் ஒளிந்திருந்துவிட்டு சிலி அதிகாரிகளிடம் போய் நின்றார்கள்.

எரிந்த ஹெலிகாப்டர் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. தங்கள் தளத்தைக் குறிவைக்கிறார்கள் என்று அர்ஜென்டினாவுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு ஹெலிகாப்டரைக்கூட ஓசைப்படாமல் கொண்டுபோக முடியாத இடத்தில் இரண்டு ஹெர்குலிஸ்களை எப்படி இறக்குவது? மிகாடோ கடைசியில் கைவிடப்பட்டது.

உயிருக்குப் பயந்தார் என்றுதானே ஐயா சொல்வார்கள்?

சொன்னார்கள். இந்தக் கேள்வியை எழுதிய தம்பி பெயர் போடவில்லை. ஆனால் இதைக் கேட்டதற்காகவே அவனுக்கு நன்றி.

நம்ம பக்கம் பாறையில் கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஐந்து குழியில் வேட்டு வைத்துத் திரி கொளுத்திவிட்டு மேலே ஏறி வருவார்கள். சத்தத்தை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நாலு கேட்டது, ஐந்தாவது கேட்கவில்லை என்றால் ஒருத்தரும் உள்ளே இறங்கக் கூடாது. தோட்டக்காரர் அவசரப்படுவார், கூலி ஓடுகிறது என்பார், மழை வருகிறது என்பார். அப்போது "இன்னிக்கு யாரும் இறங்க வேண்டாமுங்க" என்று சொல்கிற மேஸ்திரியை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கிணற்றில் எல்லோருக்கும் முன்னால் இறங்குகிறவர் அவர்தான். நூறு முறை இறங்கியதால்தான் அன்றைக்கு இறங்கக் கூடாது என்று அவருக்குத் தெரிகிறது. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் கூட வேலை செய்கிற ஆட்களே சும்மா விட மாட்டார்கள்.

எஸ்.ஏ.எஸ். ஆட்கள் ஆபத்துக்கு ஒதுங்குகிறவர்கள் இல்லை என்பதற்கு அதே மே மாதமே சாட்சி. ஃபாக்லாந்தில் பெபிள் என்ற சிறு தீவில் அர்ஜென்டினாவின் விமானத் திடல் ஒன்று இருந்தது. 'டி' ஸ்குவாட்ரன் முதலில் சில பேரைச் சிறு படகுகளில் அனுப்பி, மறைந்திருந்து பார்க்க வைத்தது. காவல் எங்கே, விமானம் எங்கே என்று தெரிந்த பிறகு மே 14 இரவு சுமார் 45 பேர் இறங்கினார்கள். கடலிலிருந்து ஒரு போர்க்கப்பல் பீரங்கியால் துணை நின்றது. 11 விமானங்களை அழித்துவிட்டு ஒரு உயிரைக்கூடப் பலி கொடுக்காமல் திரும்பினார்கள். அதுவும் எதிரியின் விமானத் தளத்தில் புகுந்து அடிக்கிற வேலைதான். அங்கே வேவு இருந்தது, துணை இருந்தது, திரும்பும் வழி இருந்தது. மிகாடோவில் இந்த மூன்றும் இல்லை.

ஐந்தே நாளில், மே 19 அன்று, கப்பலிலிருந்து கப்பலுக்கு ஆட்களை மாற்றும்போது ஒரு சீ கிங் கடலில் விழுந்தது. 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எஸ்.ஏ.எஸ். வீரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் படை ஒரே நாளில் அவ்வளவு பேரை இழந்ததில்லை.

போயிருந்தால் மிச்சமிருந்த ஏவுகணைகளை அழித்திருக்கலாம் அல்லவா?

நியாயமான கேள்வி. மிச்சமிருந்த மூன்றில் இரண்டை மே 25 அன்று ஏவினார்கள். அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் எரிந்தது, 12 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த சினூக் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் போய்விட்டதால் தரைப்படை தீவில் சகதியிலும் குளிரிலும் மைல் கணக்கில் நடந்தே போக நேர்ந்தது. கடைசி ஏவுகணையை மே 30 அன்று விட்டார்கள், எந்தக் கப்பலிலும் படவில்லை. ஐந்தும் தீர்ந்தன.

அந்த 12 குடும்பங்களிடம் போய் "மேஜர் சொன்னது சரி" என்று என்னால் லேசாகச் சொல்ல முடியாது. ஆனாலும் என் கணக்கு இதுதான்: ஹெர்குலிஸ்கள் ஓடுபாதையைத் தொட்டிருக்கவே வாய்ப்பு குறைவு. தொட்டிருக்காவிட்டால் 12 பேரும் இறந்திருப்பார்கள், அவர்களோடு இந்த அறுபது பேரும் விமானிகளும் இறந்திருப்பார்கள்.

நம்ம ராணுவத்தில் இப்படி நடந்ததுண்டா?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனசு கனக்கிறது. தமிழில் எழுதும் யாருக்கும் கனக்கும். 1987 யாழ்ப்பாணம்.

முதலில் செப்டம்பர். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் 54-ஆவது டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைப் பிடிக்க வேண்டும் அல்லது சுட்டுவிட வேண்டும் என்று கொழும்பில் இருந்த இந்தியத் தூதர் தீட்சித் தொலைபேசியில் சொன்னதாக அவர் பின்னாளில் எழுதினார். தன் மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கிடம் கேட்டபோது அவரும் கூடாது என்றாராம். பேச அழைத்து வந்தவரை முதுகில் சுடுவது ராணுவத்தின் வேலை இல்லை என்று மறுத்ததாக ஹர்கிரத் சிங் சொல்கிறார். எதிரி யார் என்பதைத் தாண்டி, ஒரு சிப்பாய் எதைச் செய்யக் கூடாது என்று யோசித்த இடம் அது.

அடுத்த மாதமே அதே டிவிஷன், அக்டோபர் 11 நள்ளிரவில், புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கியது. 10-ஆவது பாரா கமாண்டோ பட்டாலியனின் வீரர்கள் முதலில் இறங்கினார்கள். பின்னால் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படைப் பட்டாலியனின் 360 பேர் வர வேண்டும். ஆனால் வானொலிப் பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள், மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கிகள் காத்திருந்தன. ஹெலிகாப்டர்கள் குண்டு பட்டு ஓட்டை விழுந்து திரும்பின, மேற்கொண்டு ஆட்களை ஏற்றி வந்து இறக்க முடியவில்லை. சீக்கியப் படையில் தரையில் நின்றவர்கள் மேஜர் பீரேந்திர சிங் தலைமையில் 30 பேர்தான். விடிந்த பிறகும் தோட்டா தீரும்வரை சண்டையிட்டார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் வீடுகளுக்குள் அரண் பிடித்து நின்றார்கள், ஆறு பேரை இழந்தார்கள். டாங்கிகள் ரயில் பாதை வழியாகப் போய்த்தான் மற்றவர்களை மீட்க முடிந்தது.

அன்று பறந்த யூனிட்களில் 109-ஆவது ஹெலிகாப்டர் யூனிட்டும் ஒன்று. இன்றைக்கு அது நம்ம சூலூரில் இருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்று விபத்தில் சிக்கிய ஹெலிகாப்டரும் அதே யூனிட்டுடையதுதான்.

மிகாடோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே ஒருவர் "இது நடக்காது" என்று மறைக்காமல் சொன்னார், திட்டமும் கடைசியில் நின்றது. இங்கே ஹெலிகாப்டர்கள் கிளம்பிவிட்டன. அந்த 29 பேரும் நம்மைப் போன்ற சாதாரண வீட்டுப் பிள்ளைகள். பத்து நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை சுட்டதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதாமல் என்னால் நகர முடியவில்லை.

மறுத்தால் நம் சட்டம் என்ன செய்யும்?

1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் படியுங்கள். மேலதிகாரி நேரில் இட்ட சட்டபூர்வமான கட்டளையை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 ஆண்டு வரை சிறை. மற்ற கீழ்ப்படியாமைக்குப் போர்ப்பணியில் 14 ஆண்டு வரை, சாதாரண நேரத்தில் 5 ஆண்டு வரை. எதிரி முன்னால் கோழைத்தனம் காட்டினால் 34-ஆவது பிரிவின்படி மரண தண்டனை வரை போகலாம்.

"சட்டபூர்வமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிராயுதபாணியைச் சுடச் சொல்வது சட்டபூர்வமான கட்டளை அல்ல, அதை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் முட்டாள்தனமான கட்டளை சட்டவிரோதமானது ஆகிவிடாது. மிகாடோ சட்டவிரோதம் இல்லை. சிக்கலே அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு அதிகாரி செய்யக்கூடியது, கட்டளை இறுதியாவதற்கு முன்பே தனக்குத் தெரிந்த உண்மையை ஒளிக்காமல் மேலே சொல்வது. பதவி போனாலும் சொல்வது. மேஜர் மாஸ் செய்தது அதுதான்.

மேலிடத்தை மீறி ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். 1971 வங்கதேசப் போரில் லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங். மேக்னா ஆற்றின் பாலம் தகர்ந்து கிடந்தது. ஆற்றைத் தாண்டி டாக்கா போவது அவருக்குக் கொடுத்த வேலையிலேயே இல்லை. டிசம்பர் 9 அன்று கையில் இருந்த எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் தன் ஆட்களை அக்கரைக்குத் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டார். மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் அரோரா ஆட்சேபித்தும் நிற்கவில்லை. டிசம்பர் 16 அன்று டாக்கா விழுந்தது. ஜெயித்ததால் அந்த மீறல் புகழாகிவிட்டது. மாஸ் தடுக்கப் பார்த்தது ஒரு சாவை. நடக்காத சாவை எண்ணிப் பார்த்து யார் பதக்கம் குத்துவார்கள்?

என் பையன் அக்னிவீர் தேர்வுக்குப் படிக்கிறானுங்க. இதையெல்லாம் கேட்டுவிட்டு நாளைக்குப் போய் அதிகாரியை எதிர்த்துப் பேசினால் என்ன செய்வது?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தாய் அனுப்பிய கேள்வி. அம்மிணி, உங்கள் பயம் நியாயமானது. உங்கள் பையன் சேர்ந்த புதிதில் கற்க வேண்டியது கீழ்ப்படிதலைத்தான். பக்கத்தில் நிற்பவன் உயிர் அதில் இருக்கிறது. "படு" என்றால் படுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. மேஜர் மாஸும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார். மறுத்துப் பேசும் தகுதி வருஷக்கணக்கான வேலையில் வந்தது. அதுவும் அறுபது பேரின் பொறுப்பு தன் தோளில் ஏறிய பிறகு வந்தது.

ஒன்றை மட்டும் அவனுக்கு இப்போதே சொல்லிக் கொடுக்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். வேவு பார்க்கப் போய் ஒன்றும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், அதிகாரி சந்தோஷப்படட்டும் என்று இட்டுக்கட்டக் கூடாது. கீழே இருப்பவன் சொல்லும் உண்மைதான் மேலே இருப்பவன் போடும் திட்டமாகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் நூலகத்தில்தான் இருப்பேன். அவனை அனுப்பி வையுங்கள். அந்த 41-ஆவது பிரிவை ஒரு வரி விடாமல் அவனோடு உட்கார்ந்து படிக்கிறேன்.